தீவனக் கணக்கு

துரையின் மேசைமேல் பாராமகால்
இரண்டு முழத் துணி.
சுருண்டுகொள்ளாமல் இருக்க
ஒரு மூலையில் மைக்கூடு, ஒரு மூலையில் கைத்துப்பாக்கி,
மற்ற இரண்டிலும் கூடாரத்து வாசலில் பொறுக்கிய
கிருஷ்ணகிரிக் கல்.

பாறையடிப் பாளையத்திலிருந்து ராயக்கோட்டைக்கு
ஒரு கோடு இழுத்தார்.
"மூன்று நாள்," என்றார்.
அவர் கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் கோட்டைப் பார்த்தேன்.
அது பெண்ணையாற்றை ஓரிடத்தில் தாண்டுகிறது.
மாதம் ஐப்பசி என்று அதற்குத் தெரியாது.

நான் திம்மராயன். தீவனக் கணக்கு எழுதுகிறவன்.
எனக்குப் போர் என்பது கொள்ளு.
பொதிமாடு ஒன்று அறுபது படி சுமக்கும்,
சமதரையில் நாளுக்கு இரண்டு படி தின்னும்,
ஏற்றத்தில் நான்கு.
பெரிய பீரங்கிக்கு நாற்பது எருது.
நாற்பதுக்குத் தீவனம் சுமக்க இன்னும் சில,
அந்தச் சிலவற்றுக்குச் சுமக்க இன்னும்.
எழுத எழுத
கணக்கு தன் வாலையே மென்றுகொண்டு வந்தது.

வளைவு வேறு இருக்கிறது, துரை.
இருபது சோடி எருதின் நீளம்
மலைப்பாதையின் திருப்பத்தைவிட நீளம்.
முன்சோடி திரும்பிவிட்டால்
அது பீரங்கியை மேலே இழுப்பதில்லை,
பாறைக்குள் இழுக்கிறது.

அவர் பேனாவைக் கடித்தார்.
துணியில் வெறுமையாய்க் கிடந்த ஓர் இடத்தைத் தொட்டார்.
"இங்கே என்ன?"

அங்கே இரண்டு கரட்டுக்கு நடுவே
வண்டி போகும் அகலத்தில் ஓர் இடைவெளி.
சித்திரையிலும் வற்றாத சுனை.
நாற்பத்திரண்டு வீடு.
வாசல்களின் அடியில், கல் மூடி, சாணம் மெழுகி,
கேழ்வரகுக் குழிகள்.
போன பசலியில் தண்டலுக்குப் போய்
நானே குழிக்குள் இறங்கி அளந்தவை.
ஊர்ப் பெயரை இங்கேயும் எழுதப்போவதில்லை.

எனக்கு அங்கே உறவு இல்லை.
வராத கடன் ஒன்று உண்டு, பதினோரு பணம்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால்
எண்பதாயிரம் குளம்பு என்று மட்டும் சொல்வேன்.

"பாறை, துரை. தண்ணீர் கிடையாது."

கூடார வாசலில் சோம்லா நின்றிருந்தான்,
லம்பாடி, முந்நூறு மாட்டுக்கு நாயக்.
அந்த இடைவெளி வழியாக
இருபது வருடம் உப்பு கொண்டுபோனவன்.
என்னைப் பார்த்தான்.
வாயில் இருந்த புகையிலையை மறுகன்னத்துக்கு மாற்றிக்கொண்டான்.

துரை அந்த வெறுமையில்
கம்பளிப்பூச்சி மயிர்போல
சின்னச் சின்னதாய்க் கோடு போட்டார்.
ஒரு மலை உண்டாயிற்று.

சுற்றுவழியே போனோம்.
ஆற்றங்கரையில் இரண்டு நாள் காத்திருந்தோம்,
ஆறு யாருக்காகவும் இறங்கவில்லை.
களிமண்ணில் ஒரு பீரங்கி அச்சுவரை புதைந்தது,
தவளைகள் அதன் வாயருகே கத்தின.
நான்காம் நாள் கொள்ளு தீர்ந்தது.
ஐந்தாம் நாள் புளிய இலை.
மேட்டில் இருந்தவர்கள் ஒரு குண்டும் சுடவில்லை.
எதற்குச் சுட வேண்டும்?
கீழே பார்த்துக்கொண்டு அடுப்பு மூட்டினார்கள்,
கரும்பாறை மேல் ஒவ்வொரு புகையாய் எழுந்தது.

ஆறாம் இரவு மழையில்
சோம்லாவின் தலைமாடு கால் தவறியது,
கொம்பில் சோழியும் கழுத்தில் மணியுமாய் நடப்பது.
கயிற்றை அவன் விட்டிருக்கலாம்.
மணிச்சத்தம் நெடுநேரம் கீழே போய்க்கொண்டிருந்தது.

ஏழாம் நாள் திரும்பச் சொன்னார்கள்.
கணக்கை முடித்துக் கொடுத்தேன்:
எருது நூற்றுப் பன்னிரண்டு.
பீரங்கி ஒன்று.
ஆள் ஒன்று.
காரணம் என்ற பத்தியில்
"நிலம்" என்று எழுதினேன்.
துரை படித்துப் பார்த்து, தலையாட்டி,
கையெழுத்துப் போட்டார்.

மை காய
ஆற்றுமணல் கொஞ்சம் தூவினேன்.